லான் வீட்டு அமாவாசை

கிண்ணத்தில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் கொண்டுபோன பெட்டியிலிருந்து ஊதுபத்தி ஒன்றை உருவிக் கொளுத்தி, அந்தச் சோற்றின் நடுவில் குத்தி நிறுத்தினேன். கண்ணை மூடிக் கைகூப்பினேன். "முருகா, இந்த மனுசன்ரை ஆத்மா சாந்தியடையவேணும்" என்று மனதுக்குள் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது லானின் மாமியார் மீன் தட்டைப் பிடித்தபடி குசினி வாசலில் நின்றார். லானின் முகம் வெளுத்திருந்தது.

எனக்கோ உள்ளுக்குள் பெருமை. எதிர்வீட்டுக்காரியின் செத்துப்போன புருஷனுக்குக் கேட்காமலே மரியாதை செய்துவிட்டேன் அல்லவா. நான் ஆடியது எவ்வளவு பெரிய கூத்து என்று உங்களுக்கு விளங்கவேண்டுமென்றால் முதலில் லானைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எதிர்க் கதவு

எண்பதுகளின் பிற்பகுதி. லண்டனின் லூயிஷாமில் அரசு வாடகைக்கு விடுகிற ஒரு கவுன்சில் கட்டடம். லிஃப்ட் இருந்தது, ஆனால் அது வேலை செய்த நாளில் நாங்கள்தான் பயந்து படியேறிப் போவோம். என் கதவுக்கு நேர் எதிர்க் கதவு லானுடையது. அவளும் மாமியாரும் மட்டும் அங்கே இருந்தார்கள்.

லான் சீனத்தி. ஆனால் சீனாவைக் கண்ணால் கண்டதில்லை. வியட்நாமில் சீனர்கள் நிறைந்த ஒரு தெருவில் பிறந்தவள். அங்கே சண்டை முடிந்த பிறகு மாமியாரைக் கூட்டிக்கொண்டு படகேறி, கடலில் தத்தளித்து, ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டதால் உயிர் தப்பி, முகாம் முகாமாகக் கிடந்து லூயிஷாமுக்கு வந்தவள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கதையை ஒருநாள் உருக்கமாகச் சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிளேனிலயோ வந்தனீ?" என்றாள். அதோடு என் கதையின் உருக்கம் பாதி போய்விட்டது.

இரண்டு பேரும் வீட்டிலிருந்தே தைத்தோம். வான்காரன் வெட்டிய பாவாடைத் துணிகளைக் கட்டுக்கட்டாக வாசலில் போட்டுவிட்டுப் போவான். நான் இழுத்துப் பூட்டுகிற சிப் வைப்பேன், அவள் இடுப்புப்பட்டி வைப்பாள். என் மிஷின் கொஞ்ச நேரம் நின்றுவிட்டால் கதவைத் தட்டுவாள். என்ன, காய்ச்சலா, நூல் அறுந்ததா, அழுகையா என்று பார்க்கத்தான்.

ஒன்று சொல்லவேண்டும். லானுடைய ஆங்கிலத்தில் வினைச்சொல்லே இருக்காது. என்னுடையதில் வினைச்சொல் மட்டும்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரு முழு மொழி பேசினோம். அதை அப்படியே எழுதினால் உங்களுக்கும் தலை சுற்றும், அவளுக்கும் மரியாதையில்லை. ஆகவே லானை எங்கள் பேச்சிலேயே பேசவிடுகிறேன்.

அடுப்படிச் சாமியின் வாயில் தேன்

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் லான் வீடு தலைகீழாகும். திரைச்சீலை கழற்றித் தோய்ப்பார்கள். ஃபிரிட்ஜை இழுத்துப் பின்பக்கம் துடைப்பார்கள். ஜன்னல் கண்ணாடியை வெளிப்பக்கம் துடைக்க மாமியார் பாதி உடம்பை வெளியே நீட்டுவார். எங்கள் பொங்கலுக்கு நான் இப்படி ஒருநாளும் கழுவியதில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

அவர்கள் குசினியில், கேஸ் அடுப்புக்கு மேலே, தாடி வைத்த சாமி படம் ஒன்று ஒட்டியிருந்தது. அடுப்படிச் சாமி. வருசம் முழுக்க வீட்டில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாராம். வருசம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது மேலுலகம் போய், வானத்து ராசாவிடம் இந்த வீட்டுக்காரர் எப்படி என்று சொல்லிவைப்பாராம். அதனால் அவர் புறப்படும் நாளில் படத்தின் வாயில் தேன் பூசுகிறார்கள்.

"ஏன் தேன்?" என்று கேட்டேன்.

"எங்களைப் பற்றி இனிப்பாய்ச் சொல்லட்டும் எண்டு."

"சொல்லாட்டி?"

"வாய் ஒட்டிக்கொள்ளும். கதைக்க ஏலாது."

நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்திவிட்டது. நாங்களும் பிள்ளையாருக்கு மோதகம் படைக்கிறோம். ஆனால் இவ்வளவு வெளிப்படையாகச் சாமியோடு பேரம் பேச எங்களுக்குத் துணிவில்லை. தேன் பூசிய பிறகு படத்தை எரித்துவிடுவார்கள். புகையோடு அவர் மேலே போய்விடுவார். வருசம் பிறக்க, புதுப் படம் ஒட்டி வரவேற்பார்கள்.

அவர்கள் கதவில் ஒட்டுகிற சிவப்புக் கடதாசிக்கும் ஒரு கதை இருந்தது. முன்னொரு காலத்தில் வருசம் முடிகிற இரவில் ஒரு பூதம் வந்து ஆடு மாடு ஆட்களையெல்லாம் தின்னுமாம். அதற்குச் சிவப்பு, நெருப்பு, சத்தம் மூன்றுக்கும் பயம் என்று ஊரார் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து கதவில் சிவப்புக் கடதாசியும் தெருவில் வெடியும். எங்கள் கட்டடத்தில் வெடி கொளுத்தினால் கவுன்சில் வந்து நிற்கும். ஆகவே லான் கடதாசியில் செய்த வெடிச் சரத்தைக் கதவில் தொங்கவிட்டாள். லூயிஷாமுக்கு வருகிற பூதத்துக்கு அது போதுமாம்.

ஆனால் அவளே அந்தக் கதையைப் பெரிதாக நம்பவில்லை. "பூதம் பிறகு வந்தது. முதல் வந்தது வயல்" என்றாள். அறுவடை முடித்து, குளிர் முடியக் காத்திருந்த உழவர்கள், அடுத்த உழவு தொடங்குமுன் தெய்வங்களுக்கும் முன்னோருக்கும் நன்றி சொன்ன நாளாம் அது. அதை வசந்த விழா என்றே சொல்கிறார்கள். வெளியே தண்ணீர்க் குழாய் உறைந்து கிடக்கிறது, இவள் வசந்தம் என்கிறாள். நல்ல மனசு வேண்டும் அதற்கு.

ஒரே இருட்டு

எனக்குப் பெரிய ஆச்சரியம் வேறொன்று. அவர்கள் ஆண்டு அமாவாசையில் பிறக்கிறது. சந்திரனை வைத்தே மாதம் எண்ணுகிறார்கள், வருசத்துக்கு நாள் குறைந்துபோகும்போது இடையில் ஒரு மாதத்தைக் கூட்டிச் செருகிச் சரிசெய்கிறார்கள். அதனால் அவர்களின் ஆண்டுப் பிறப்பு பெரும்பாலும் எங்கள் தை அமாவாசையை ஒட்டியே வரும். சில வருசம் அதே நாள், சில வருசம் ஒரு நாள் முன்பின்.

எங்களுக்கு அமாவாசை என்றால் விரதம், எள்ளும் தண்ணீரும், செத்தவர்களுக்குப் படையல், காகத்துக்குச் சோறு. அந்த நாளில் நல்ல காரியம் தொடங்க எங்கள் வீட்டில் ஒருவரும் விடமாட்டார்கள். அதே இருட்டில் இவர்கள் புதுச் சட்டை போட்டுப் புது வருசம் தொடங்குகிறார்கள். இதை லானிடம் கேட்டேன்.

"நிலவு இல்லாத நாளிலயோ தொடங்குவியள்?"

"இனி அது வளரத்தானே வேணும்" என்றாள், தையலிலிருந்து தலை நிமிராமலே.

அன்று பின்னேரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு சிப் வைத்தேன். இரண்டு பாவாடைக்குச் சிப் தலைகீழாகப் போய்விட்டது.

எட்மண்டன் மச்சாள்

இனி என் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் சிவநேசன். யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தவர். "நீர் முன்னுக்குப் போம், நான் பின்னாலை வாறன்" என்று கொழும்பில் என்னைப் பிளேன் ஏற்றிவிட்டு, கடையை ஒப்படைத்துவிட்டு வரத் திரும்பிப் போனார். வேலையெல்லாம் முடித்துக் கொழும்புக்கு அவர் பஸ் ஏறினதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கினதைக் கண்டவர்கள் ஒருவரும் இல்லை.

அவருடைய அக்கா பரமேஸ்வரி லண்டனிலேயே, எட்மண்டனில் இருந்தார். எனக்கு மச்சாள். தாய் இல்லாத தம்பியைத் தானே வளர்த்தவர். பஸ் மாறி, ரயில் மாறி, லண்டனின் அந்தத் தலையிலிருந்து இந்தத் தலைக்கு வந்து என்னைப் பார்ப்பார். வரும்போதெல்லாம் தேசிக்காய் ஊறுகாய் ஒரு போத்தல் கொண்டுவருவார். தம்பிக்கு அது உயிர். தம்பி இல்லாத வீட்டில் அதை யார் தின்பது என்று மச்சாளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. குசினித் தட்டில் போத்தல்கள் சேர்ந்துகொண்டிருந்தன.

நான் ஊதுபத்தி குத்திய அந்தத் தை மாதத்துக்குச் சற்று முன்பு மச்சாள் வந்து, கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"இஞ்ச பார் மலர், நான் சொல்லுறன் எண்டு கோவிக்காதை. இனியும் பாத்துக்கொண்டு இருக்கேலாது. அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்வம்."

"உடம்பைக் காணாமல் என்னத்தைச் செய்யிறது மச்சாள்?"

"தர்ப்பையிலை உருச் செய்து செய்யலாம். ஐயரிட்டைக் கேட்டனான். ஒண்டும் செய்யாமல் விட்டால் என்ரை தம்பி பசியோடை அலைவான். உன்ரை பொட்டை நான் ஒண்டும் சொல்லேல்லை. அது உன்ரை விருப்பம்."

விருப்பமாம். கிரியை செய்துவிட்டால் பொட்டு தானாகப் போய்விடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் மச்சாளின் கண்ணைப் பார்த்தேன். பேராசையோ பொல்லாத்தனமோ அதில் இல்லை. தம்பி பசியோடு இருப்பானே என்ற தவிப்பு மட்டும்தான் இருந்தது. களைத்துப்போய், "இந்த முறை வேண்டாம், வாற வருசம் தை அமாவாசைக்குச் செய்வம்" என்றேன். "ஓம் எண்டு சொல்லு" என்றார். "ஓம்" என்றேன். அந்த ஓமைச் சொன்ன பிறகு பல நாளாக எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை.

மேசையில் ஒரு கிண்ணம் அதிகம்

அந்த ஓமுக்குப் பிறகு வந்த முதல் தை அமாவாசையன்று விரதம் இருந்து பின்னேரம் சும்மா கிடந்தேன். லான் கதவைத் தட்டினாள். ஆண்டுப் பிறப்புக்கு முதல்நாள் பின்னேரம் குடும்பம் முழுக்கக் கூடிச் சாப்பிடுவது அவர்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய சடங்கு. எந்த ஊரில் வேலை செய்தாலும் அன்றைக்கு வீடு வந்து சேர்ந்துவிடவேண்டும். அந்த மேசைக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"இண்டைக்கு மச்சம் ஏலாது" என்றேன்.

"தெரியும். மாமி உனக்கு டோஃபுவும் காளானும் செய்தவ. நாளைக்குக் காலமை நாங்களும் சைவம்தான்" என்றாள்.

வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு சீப்பு வாழைப்பழமும் ஊதுபத்திப் பெட்டியும் எடுத்துப் போனேன்.

வீட்டு மூலையில் முன்னோர் படங்கள். முன்னால் ஆரஞ்சு நிறத் தோடம்பழம், மணல் நிரப்பிய கிண்ணத்தில் புகைகிற குச்சிகள். நடுவில் சாப்பாட்டு மேசை. இருந்தது மூன்று பேர், வைத்திருந்தது நாலு கிண்ணம். நாலாவது கிண்ணத்துக்கு முன்னால் கதிரை காலி. சோறு போட்டு, பக்கத்தில் சாப்பிடும் குச்சிகளைப் படுக்கவைத்திருந்தார்கள்.

லான் முன்பே சொல்லியிருந்தாள்: "என்ரை மனுசன், மின் எண்டு பேர், மற்றப் படகிலை. அந்தப் படகு வரேல்லை." சொல்லுங்கள், அமாவாசையன்று, ஆள் இல்லாத கதிரைக்கு முன்னால் சோறு வைத்திருந்தால் தமிழர் ஒருவர் வேறென்ன நினைப்பார்? படையல் என்றுதான் நினைத்தேன். படையலுக்கு ஊதுபத்தி இல்லாமலா? கொளுத்திக் குத்தினேன்.

மாமியார் மீன் தட்டை மெல்ல மேசையில் வைத்தார். கிட்ட வந்து, சோற்றிலிருந்து ஊதுபத்தியைப் பிடுங்கினார். எறியவில்லை. கொண்டுபோய் முன்னோர் படங்களுக்கு முன்னால் மணலில் நட்டார். பிறகு அந்தச் சோற்றைக் கொட்டி, கிண்ணத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, பானையிலிருந்து புதுச் சோறு போட்டு அதே இடத்தில் வைத்தார். வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வரவில்லை.

லான் மூலையைக் காட்டினாள். "செத்த ஆக்கள் அங்கை. இது மேசை. மேசையிலை இருக்கிறவை உயிரோடை இருக்கிற ஆக்கள். சோத்திலை குச்சி நட்டால், நீ செத்துப்போனாய் எண்டு சொல்லுற மாதிரி."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "மின் உயிரோடை இருக்கிறார் எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டேன்.

"செத்துப்போனார் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள் லான். "தெரியாட்டிச் சோறு வைக்கவேணும்."

அங்கேயே உடைந்து அழுதேன். அழுதழுது சிவநேசன் கதையைச் சொன்னேன். பொட்டை, தர்ப்பையை, என் வாயால் சொன்ன ஓமை, எல்லாவற்றையும். லான் அதை மாமியாருக்குச் சொல்லச் சொல்ல, அவர் என் கிண்ணத்தில் காளானைப் போட்டுக்கொண்டே இருந்தார். சாப்பாடு முடிந்ததும் மின்னின் சோற்றை மூன்றாகப் பிரித்து எங்களுக்கே போட்டார். அது காகத்துக்கு வைக்கிற சோறு இல்லை, வீட்டுச் சோறு.

ஒளித்து வைத்த விளக்குமாறு

செய்த குற்றத்துக்குப் பரிகாரமாக மறுநாள் விடியவே எழும்பி, எங்கள் இரண்டு கதவுக்கும் நடுவில் இருந்த இடத்தைக் கூட்டி, தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். நல்ல நாளில் வாசல் சுத்தமாக இருக்கட்டுமே என்ற எண்ணம்தான். லான் பாய்ந்து வந்தாள். வருசம் பிறந்த அன்று கூட்டினால் வீட்டுக்கு வந்த நல்லதெல்லாம் குப்பையோடு போய்விடுமாம். அதற்குத்தான் முதலே அந்தத் துடைப்புத் துடைக்கிறார்கள்.

இந்த முறை மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் விளக்குமாற்றைப் பறித்துக்கொண்டுபோய்த் தன் வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பின்னால் வந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக சோஹோவில் இருக்கிற சீனத் தெருவுக்குச் சிங்க வேச ஆட்டம் பார்க்கப் போனோம். மேளத்துக்கு நெஞ்சு அதிர்ந்தது. கடை வாசலில் கட்டியிருந்த கீரையைச் சிங்கம் எட்டிக் கடித்துச் சனத்தின் மேல் துப்பியது. என் தலையில் ஒரு இலை விழ, மாமியார் அதை எடுத்து என் கைப்பைக்குள் திணித்தார். நல்லது வருமாம்.

நல்லது அவர்களுக்குத்தான் முதலில் வந்தது. மின் உயிரோடு இருந்தார். அவருடைய படகு வியட்நாமிலேயே பிடிபட்டு, சிறையில் கிடந்து, பிறகு வேறு படகேறி ஹொங்கொங் முகாம் ஒன்றில் இருந்தார். இலையுதிர்காலத்தில் ஒருநாள் ஒரு சின்னப் பையோடு எங்கள் படியேறி வந்தார். எனக்குச் சந்தோசம். பொறாமையும் வந்தது, மறைப்பானேன். கதவைச் சாத்திக்கொண்டு மிஷினை உரக்க ஓடவிட்டு அழுதேன்.

நான் சிவநேசனுக்குச் சோறு வைத்தேனா? இல்லை. பொங்கலன்று கூட எனக்கு மட்டும்தான் கோப்பை எடுத்தேன். மச்சாளுக்கு ஓம் என்று சொல்லியாயிற்று. தாய்க்குத் தாயாகத் தம்பியை வளர்த்தவர் அவர். அவரே "போய்விட்டான்" என்றால், "இல்லை" என்று சொல்ல நான் யார்?

அடுத்த தை

சிவநேசன் இன்றுவரை வரவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முடிவில் கதவு தட்டுகிற சத்தம் கேட்கும் என்று நீங்கள் காத்திருக்கவேண்டாம்.

அந்த வருசம் அமாவாசை ஒரு நாள் பிந்தி, லானின் ஆண்டுப் பிறப்பன்றே வந்தது. முதல்நாள் பின்னேரமே மச்சாள் என்னை எட்மண்டனுக்குக் கூட்டிப்போக வந்துவிட்டார். காலையில் ஐயர் வருகிறார். மச்சாளின் பையில் வெள்ளைச் சேலை மடித்து இருந்தது. அவர் காட்டவில்லை, நான் கண்டேன். உடுப்பு எடுத்து வைத்தேன்.

கதவு தட்டப்பட்டது. லான், புதுச் சிவப்புச் சட்டையோடு.

"சாப்பாடு ரெடி. ரெண்டு பேரும் வாங்கோ."

"ஏலாது" என்றார் மச்சாள். "நாளைக்கு எங்களுக்குத் துக்க காரியம் இருக்கு."

லானுக்குப் பின்னால் மாமியார் வந்தார். மச்சாளின் கையைப் பிடித்தார், அவ்வளவுதான், விடவில்லை. கோட்டும் பையுமாக மச்சாள் அந்த வீட்டுக்குள் இழுபட்டுப் போனார்.

போன வருசம் காலியாக இருந்த கதிரையில் மின் இருந்தார். எழும்பி நின்று எங்களுக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். ஐந்து பேர் இருந்தோம். மேசையில் ஆறு கிண்ணம். எனக்குப் பக்கத்தில் ஒரு கதிரை காலி. சோறு போட்டு, குச்சிக்குப் பதிலாக ஒரு கரண்டியைப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நான் லானைப் பார்த்தேன். மின்தான் வந்துவிட்டாரே, இது ஆருக்கு?

மாமியார் மெதுவாக ஏதோ சொன்னார். லான் என்னிடம் சொன்னாள்: "இது உன்ரை மனுசனுக்கு. மின்னுக்கு வைச்ச அதே கிண்ணம். ராசியான கிண்ணமாம்."

"என்ன சொல்லுகினம்?" என்று மச்சாள் கேட்டார்.

என்னால் தலை நிமிர்த்த முடியவில்லை. குனிந்தபடியே சொன்னேன். "இவையள் செத்த ஆக்களுக்கு மேசையிலை வைக்கிறேல்லை மச்சாள். உயிரோடை இருந்து வரேலாமல் நிக்கிற ஆளுக்குத்தான் வைக்கிறவை. இது அவருக்காம். அவர் செத்துப்போனார் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, அதாலை வைச்சிருக்கினமாம்."

மச்சாள் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார், எழும்பிப் போகப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். மாமியாரின் கை இன்னும் அவர் கைமேல் இருந்தது.

"வெறும் சோறு" என்றார் மச்சாள் கடைசியில். "இதை அவன் எப்பிடித் தின்னுவான்."

பையை மடியில் வைத்துத் திறந்தார். வெள்ளைச் சேலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். அடியிலிருந்து ஊறுகாய்ப் போத்தலை எடுத்து, அந்தக் கரண்டியால் அள்ளித் தம்பியின் சோற்றுக்கு மேலே வைத்தார். பார்த்தார். இன்னொரு கரண்டி வைத்தார்.

"எப்பவும் ரெண்டாந்தரம் கேப்பான்" என்றார்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயருக்குப் போன் எடுத்து நாளைக்கு வரவேண்டாம் எண்டு நீ சொல்லுறியோ, நான் சொல்லட்டோ?"